மருந்து போன பின்னும் எழும்பாத கிருமி

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சில வாரங்களுக்கு முன் எங்கள் பெண்கள் வார்டில் ஒரு தாயார் சிறுநீரகத் தொற்றோடும் குளிர் காய்ச்சலோடும் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஜென்டாமைசின் ஊசியைக் காலையில் ஒரு வேளை மட்டும் போட்டு வந்தோம். மூன்றாம் நாள் அவர்களுடைய மகன் வந்து, "சிஸ்டர், எங்க சித்திக்கு இதே ஊசியை மூணு வேளை போட்டாங்க. நாங்க இலவசக் கட்டில்னுதானே ஒரு வேளையாக் குறைச்சிட்டீங்க?" என்று கேட்டார். சிஸ்டரின் முகம் வாடிவிட்டது. ஆனால் கேள்வி நியாயமானது. அந்தக் கட்டிலைத் தாங்குகிற உங்களுக்கும் இதன் பதில் தெரிய வேண்டும் என்று எண்ணி, அதையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

முதலாவது, மருந்தைக் குறைக்கவில்லை. ஒரு நாளுக்கு உரிய அளவை ஒரே வேளையில் கொடுக்கிறோம். ஜென்டாமைசின் இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். காலை ஊசி மாலைக்குள் வெகுவாகக் கரைந்துவிடும். அப்படியானால் இரவெல்லாம் கிருமியை அடக்கி வைப்பது எது?

ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை மருந்தில் ஓரிரு மணி நேரம் வைத்து, பிறகு மருந்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் புதிய சத்துநீரில் விடுவார்கள். தப்பிப் பிழைத்தவை உடனே பெருகும் என்றுதான் நாம் நினைப்போம். அவை பெருகுவதில்லை, சில மணி நேரம் அப்படியே கிடக்கின்றன. வெள்ளம் வடிந்த வீட்டில் அன்றே யாரும் உலை வைப்பதில்லை அல்லவா? சேற்றை அள்ள வேண்டும், அடுப்பைப் புதிதாகப் போட வேண்டும். கிருமிக்கும் அப்படித்தான். ஜென்டாமைசின் கிருமிக்குள் புரதம் செய்யும் இடத்தைக் கெடுக்கிறது. பென்சிலின் அதன் சுவரைக் கட்டும் நொதிகளைப் பிடித்துக்கொள்கிறது. புதியவற்றைச் செய்து முடிக்கும்வரை கிருமி பெருக முடியாது. அந்த நேரத்தில் நம் வெள்ளை அணுக்களுக்கும் அது எளிதில் இரையாகிறது.

சீழ் உண்டாக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமி பென்சிலினுக்குப் பின் ஓரிரு மணி நேரம் முடங்கிக் கிடப்பதை 1940களிலேயே கண்டார்கள். ஆனால் குடலிலிருந்து வரும் பல கிருமிகளிடம் பென்சிலின் வகை மருந்துகளுக்கு இந்தப் பின்தாக்கம் கிட்டத்தட்ட இல்லை. ஆகவேதான் அவற்றைப் பல வேளையாகப் பிரித்துப் போடுகிறோம். ஜென்டாமைசினோ அதே கிருமிகளைப் பல மணி நேரம் முடக்கும். அளவு உயர்ந்தால் கொல்லுவதும் கூடும், முடக்கமும் நீளும். இடையில் மருந்து வடிந்துபோவது சிறுநீரகத்துக்கும் நல்லது. எல்லாருக்கும் இது பொருந்தாது. இதய வால்வில் தொற்று உள்ள சிலருக்கு இன்னும் பிரித்தே கொடுக்கிறோம்.

இந்த அறிவில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அந்நாளில் ஐசோனியாசிட்டோடு பி.ஏ.எஸ். என்ற மருந்தைத் தினமும் மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும் மருந்து அது. வீட்டில் விழுங்கினார்களா, கொட்டினார்களா என்பது யாருக்கும் தெரியாது. அம்மையத்தார் வாரத்தில் இரண்டே நாள் நோயாளிகளை வரச் சொல்லி, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியையும் ஐசோனியாசிட்டையும் தங்கள் கண்முன் கொடுத்துப் பார்த்தார்கள். தினசரி முறைக்கு அது சற்றும் குறைவில்லை என்று 1964இல் வெளியிட்டார்கள். கூலி வேலை செய்கிற ஒருவருக்கு வாரத்தில் ஐந்து நாள் மிஞ்சுவது என்ன என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டு கழித்து இலண்டனில் டிக்கின்சனும் மிச்சிசனும் அதற்குக் காரணத்தைக் காட்டினார்கள். காசநோய்க் கிருமியை ஒரே ஒரு நாள் ஐசோனியாசிட்டில் வைத்து எடுத்தால், அது மறுபடி வளர ஆறு முதல் ஒன்பது நாள் ஆகிறது. ரிபாம்பிசினுக்குப் பின் இரண்டு மூன்று நாள். தயாசெட்டசோன் என்ற மருந்துக்கோ பின்தாக்கமே இல்லை. அதை விட்டுவிட்டுக் கொடுத்துப் பயனில்லை.

இவ்வளவையும் அந்த மகனுக்கு எளிய வார்த்தைகளில் சொன்னோம். கவனமாகக் கேட்டார். பிறகு, "அப்போ எங்க மாமா டி.பி. மாத்திரையை நடுவுல நாலு நாள் விட்டாலும் பரவாயில்லைதானே?" என்றார். முதல் கேள்வியில் சிஸ்டருக்கு வருத்தம். இந்தக் கேள்வியில் எங்களுக்குப் பயம்.

"இல்லை தம்பி" என்றோம். அந்த நாட்கள் ஆய்வுக்கூடக் குழாயில் கண்ட கணக்கு. நுரையீரல் குழாய் அல்ல. ஒவ்வொரு மருந்தின் முடக்கமும் வெவ்வேறு நாளில் முடிகிறது. ஒன்றின் தாக்கம் தீர்ந்து மற்றொன்று தனியே நிற்கும்போது, அதற்கு அடங்காத கிருமி தலைதூக்க இடம் கிடைக்கிறது. விட்டுவிட்டுக் கொடுக்கும் முறையிலேயே இந்தக் குறை தெரிந்தது. நம் நாட்டுத் திட்டத்தில் 1997 முதல் வாரம் மூன்று நாள் மருந்து கொடுத்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நோய் திரும்புவதும், ரிபாம்பிசினுக்கு அடங்காத கிருமி உண்டாவதும் அந்த முறையில் கூடுதலாகக் காணப்பட்டன. 2017இல் நாடெங்கும் தினசரி முறைக்கு மாறினார்கள். மறுபடியும் நோயாளி தினமும் விழுங்க வேண்டியவரானார். அது சுமைதான், ஒத்துக்கொள்கிறோம்.

அந்த மாமா மாத்திரையை ஏற்கெனவே நான்கு நாள் விட்டிருந்தார். காரணம் கேட்டால், மாத்திரை தீர்ந்த அன்று அறுவடை வேலை கிடைத்ததாம், மையத்துக்குப் போகக் கூலியை விட மனமில்லையாம். மறுநாளே எங்கள் களப்பணியாளர் சைக்கிளில் போய் அவரைப் பார்த்தார், சளியையும் பரிசோதனைக்கு எடுத்து வந்தார். ரிபாம்பிசினுக்குக் கிருமி இன்னும் அடங்குகிறது என்று முடிவு வந்தபோது வார்டில் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

தாயார் ஏழாம் நாள் வீடு திரும்பினார்கள். அவர்களுக்குப் போட்ட ஊசி விலை குறைந்தது. அதைவிடச் சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்க்கச் செய்த இரத்தப் பரிசோதனைகளுக்கே அதிகம் செலவாயிற்று. அது உங்கள் காணிக்கையிலிருந்துதான் போனது. களப்பணியாளரின் சைக்கிளுக்கு இந்த மாதம் பின்சக்கர டயர் மாற்ற வேண்டியிருக்கிறது.