எவோதியாவுக்கும் சிந்திக்கிக்கும் நடுவில்



மடைத் தண்ணீருக்காக நண்பர்கள் இருவர் பேச்சை முறித்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் வேண்டியவர்கள் நாம். ‘நமக்கு எதற்கு வம்பு’ என்று இரண்டு வீட்டு வாசலையும் மிதிக்காமல் இருந்துவிடுகிறோம். அதற்கு நடுநிலை என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம்.

பிலிப்பி சபையில் எவோதியா, சிந்திக்கி என்ற இரு பெண்களுக்குள் மனத்தாங்கல். இருவருமே நற்செய்திக்காகப் புனித பவுலோடு பாடுபட்டவர்கள். நியாயம் யார் பக்கம் என்று பவுல் எழுதவில்லை. எவோதியாவையும் வேண்டுகிறார், சிந்திக்கியையும் வேண்டுகிறார். அதோடு விடாமல் மூன்றாவதாக ஒருவரைத் தோழர் என்றழைத்து, அவர்களுக்கு உதவச் சொல்கிறார் (பிலிப்பியர் 4:2-3). மாற்கின் பொருட்டு பர்னபாவோடு சண்டையிட்டுப் பிரிந்தவர் அல்லவா! அந்த வலி அவருக்குத் தெரியும்.

நம் கொற்கை ஒரு காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம். கடலை யாரும் துரத்தவில்லை. தாமிரபரணியின் வண்டல் படியப் படிய, அது பல கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. பேசாத நாள்களும் அப்படித்தான் படிகின்றன.

ஆகவே இரு வீட்டுக்கும் போங்கள். இங்கே கேட்டதை அங்கே கொண்டுபோக வேண்டாம். ‘நீ யார் பக்கம்?’ என்று கேட்டால், ‘நேற்று அவர் வீட்டுக்கும் போயிருந்தேன்’ என்று மறைக்காமல் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்; கொடுக்காவிட்டாலும் அடுத்த ஞாயிறு போங்கள்.