கைத்தொழிற் கல்வியும் நாட்டுச் சட்டங்களும்

(யூபிலி ஆண்டில் பங்குப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றே: "பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது?" கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் பற்றி உரக்கப் பேசுகிறோம். ஐ.டி.ஐ.யில் சேர்ந்த பிள்ளையைப் பற்றி யாராவது விசாரித்தால் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. இந்தத் தாழ்வு எண்ணம் நம்மைவிட்டு நீங்கவேண்டும். அதற்கு, தொழிற்கல்விக்காக நம் நாடு வகுத்துள்ள சட்டங்களையும் திட்டங்களையும் நாம் அறிந்திருப்பது அவசியம்.

விடுதலை பெற்ற மூன்றே ஆண்டுகளில், 1950-இல், மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் முதலிய தொழில்களைக் கற்பிக்கும் ஐ.டி.ஐ.க்கள் அத்திட்டத்தில் தோன்றியவையே. 1956-இல் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடமும் தேர்வும் சான்றிதழும் நாடெங்கும் ஒரே தரமாய் இருக்கும்பொருட்டு அதே ஆண்டில் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவும் ஏற்படுத்தப்பட்டது. அதன் பணிகள் பின்னர், 2018-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சிலிடம் சென்றன.

பள்ளிக்கல்வியிலும் தொழில் இடம்பெறவேண்டும் என்று 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு வற்புறுத்தியது. நம் தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோதே தொழிற்பிரிவும் சேர்க்கப்பட்டது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவரில் 10 விழுக்காட்டினர் 1990-க்குள்ளும், 25 விழுக்காட்டினர் 1995-க்குள்ளும் தொழிற்பிரிவில் பயிலவேண்டும் என இலக்கு வைத்தது. அது நிறைவேறவில்லை. 1992-இல் அவ்விலக்குகளை 1995-க்கும் 2000-க்கும் தள்ளிவைக்க நேர்ந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? தொழிற்பிரிவில் படித்த பிள்ளைக்கு அதற்குமேல் ஏறிச்செல்லத் தெளிவான படிக்கட்டு இல்லை. 2020-இன் கல்விக் கொள்கையே இதை ஒப்புக்கொள்கிறது. 19 முதல் 24 வயதுக்குட்பட்ட உழைப்பாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றவர் இந்தியாவில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96 என்று பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மதிப்பீட்டை அக்கொள்கை எடுத்துக்காட்டுகிறது. இக்குறையைப் போக்கவே 2013-இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும், டிப்ளமோ முடித்தவர் பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. நம்மில் பலர் இதை அறியாமலே, "ஐ.டி.ஐ.யோடு படிப்பு முடிந்தது" என்று பிள்ளையின் மனத்தை ஒடித்துவிடுகிறோம்.

இனி, நம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் சட்டத்துக்கு வருவோம். அது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். அப்ரண்டிஸ் சட்டம் என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஆகவே, பயிற்சி கொடுப்பது முதலாளி மனமிரங்கிச் செய்யும் உபகாரமன்று. அது சட்டம் விதித்த கடமை.

அச்சட்டம் பழகுநரைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை. பயிற்சி பெறுபவராகவே கருதுகிறது. இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. கூலி கேட்க உரிமை இல்லை, உதவித்தொகைதான். ஆனால், செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு அதைக் கொடுக்கக்கூடாது. அதிகாரியின் இசைவின்றி மிகைநேரம் வேலை வாங்கக்கூடாது. உடல்நலம், பாதுகாப்பு பற்றிய விதிகள் தொழிலாளிக்குப் போலவே அவருக்கும் பொருந்தும். பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு உண்டு. பயிற்சி முடிந்ததும் வேலை கட்டாயமாகக் கிடைக்கும் என்று மட்டும் எண்ணிவிடவேண்டாம். 2014-இன் திருத்தம், பழகுநரை வேலைக்கு எடுப்பதுபற்றி ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையை வகுக்கவேண்டும் என்கிறதே தவிர, வேலைக்கு உறுதி கூறவில்லை.

இவ்வளவு உரிமைகளும் ஒரே ஒரு தாளில் அடங்கியிருக்கின்றன. அதுதான் பதிவுசெய்யப்பட்ட பயிற்சி ஒப்பந்தம். "தெரிந்தவர் பட்டறை, நல்ல மனிதர்" என்று வாய்ச்சொல்லை நம்பிப் பிள்ளையை அனுப்புகிறோம். பிள்ளையோ ஈராண்டு தரை கூட்டி, மூட்டை தூக்கி, தேநீர் வாங்கிவந்து, கையில் ஒரு சான்றிதழும் இன்றித் திரும்புகிறான். சட்டம் எவ்வளவு நல்லதாயினும், பதிவில் பெயரில்லாதவனுக்கு அது எப்படித் துணைநிற்கும்?

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லையென்றால் ஒப்பந்தத்தில் கையொப்பமிடவேண்டியவர் பெற்றோரே. எனவே, பெற்றோர்களே, கையொப்பமிடுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: என்ன தொழில்? எத்தனை மாதம்? உதவித்தொகை எவ்வளவு? ஒப்பந்தம் பதிவாகிவிட்டதா? படிக்கத் தெரியாதவர்கள் தயங்கவேண்டாம். தாளை எடுத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

இளைஞர்களே, கையில் எண்ணெய்க் கறை படிவதற்கு வெட்கப்படாதீர்கள். கற்றதைச் செம்மையாகக் கற்று, சான்றிதழோடு வெளியே வாருங்கள். அடுத்த ஆண்டு தேர்வு முடிவு வரும்போது, ஐ.டி.ஐ.யில் சேர்ந்த பிள்ளையின் பெயரையும் நம் பங்கில் உரத்த குரலில் சொல்லுவோமாக!