தீவகத்தின் தண்ணீர்



1901ஆம் ஆண்டுக்கும் 2018ஆம் ஆண்டுக்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்றிமீற்றர் உயர்ந்துவிட்டதென அறிஞர் கணித்திருக்கின்றனர். ஒரு சாண்தானே என்று கொழும்பிலிருப்போர் எண்ணலாம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் வாழும் நாம் அவ்வாறு எண்ண இயலுமா?

நம் தீவுகளில் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, அடியில் நிற்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. அதுவே நம் கிணற்றுநீர். கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நிலநூலார் கணக்கு. மேலுள்ள அந்த 1 அடி போனால் கீழுள்ள 40 அடியும் போயிற்று! கடல் ஏறிக் கரை ஒடுங்க, இந்நீரும் ஒடுங்கும். இயந்திரம் வைத்து அளவின்றி இறைப்போமாயின் கடல் ஏறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உவர் தானே மேலெழும். துலா மிதித்த நம் முன்னோர்க்கு அவர்தம் களைப்பே அளவுகோலாயிருந்தது.

ஆனால், கடலை மட்டும் குற்றஞ் சாட்டுவது அரசியலை மறைப்பதாகும். 1990களில் போர் தீவகத்தை வெறுமையாக்கிற்று. குளமும் கேணியும் தூர்வாரிய கைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் சென்றன. தூர்ந்த குளத்தில் மழைநீர் தங்குமா? இதை நிலநூலார் தனித்து ஆராய்ந்தால் விடை கிடைக்குமா?

உவர்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் உண்டென்பர். அதற்கு மின்சாரம் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான சூரிய, காற்று மின் திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு அளிக்கப்பட்டது. இந்தியா மறுப்புத் தெரிவிக்க, நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவின் உதவித் திட்டமாக மாறிற்று. இரு வல்லரசுகளுக்கும் நம் தீவுகள் எங்கே இருக்கின்றன என்பது நன்கு தெரிந்திருக்கிறது. நம் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கிறது என்பது அவர்களுக்குத் தெரியுமா?

அது தண்ணீர் சுமக்கும் நம் தாய்மாருக்குத் தெரியும். ஆகவே நாம் கோருவது இது: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நிலநூலாரும் மருத்துவரும் பொருளியலாரும் வெவ்வேறாக வந்து வெவ்வேறாகப் போகாமல், கடற்றொழிலாளரோடும் அத்தாய்மாரோடும் ஒன்றாக அமர்ந்து, கிணறு கிணறாக, மாதம் மாதமாக உவரை அளக்கவேண்டும். அந்தக் கணக்கு முதலில் தமிழில் நம் பிரதேச சபைகளில் வாசிக்கப்படவேண்டும். கொழும்புக்கும் ஜெனீவாவுக்கும் அதன் பின்னர் அனுப்பலாம்.