வெட்டுப்பட்ட சீட்டுகள்



அஞ்சல்தலை சேர்ப்போர் நம்மிடையே பலர். பழைய நாணயம் சேர்ப்போரும் உளர். நானோ, அரசுகள் நெருக்கடியில் அவசரமாக அச்சிட்டுப் பின்னர் மறந்துவிட்ட காகிதப் பணத்தையும் பங்கீட்டுச் சீட்டுகளையும் சேர்த்து வருகிறேன். குப்பை என்பர் என் வீட்டார்.

எங்கள் களியக்காவிளை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்னும் திருவிதாங்கூர்க் கணக்கை முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆதலின், பணம் மாறாதது என்னும் மயக்கம் எனக்கு இல்லை.

இரண்டாம் உலகப் போரில் உலோகம் படைக்கலங்களுக்கு வேண்டியிருந்தது. மக்களும் சில்லறையைப் பதுக்கினர். 1943இல் இந்தியக் காலணாவின் நடுவே துளை விழுந்தது. பிக்கானேர், மோர்வி முதலிய சமஸ்தானங்கள் சிறு அட்டைகளையே சில்லறையாக வழங்கின. இலங்கை 1942இல் வெளியிட்ட ஐந்து சத நோட்டோ விந்தையானது. அஞ்சல்தலைத் தாளில் உள்ளது போன்ற துளை வரிசை அதன் குறுக்கே ஓடும். கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றது மூன்று சதம்! கழித்தல் கணக்கை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் கருவியை என் ஆசிரியப் பணியில் நான் கண்டதில்லை.

போரில்லாக் காலத்திலும் இந்நிலை வருவதுண்டு. சோவியத் ஒன்றியம் 1991இல் சிதறுவதற்குச் சற்று முன்பே, உக்ரேனில் சம்பளத்தோடு கூப்பன் தாளும் கொடுத்தனர். கடையில் ரூபிளோடு கூப்பனையும் வெட்டிக் கொடுத்தாலன்றிப் பல பண்டங்கள் கிடையா. 1992 ஜனவரியில் கூப்பனே பணமாயிற்று. 1996இல் ஹிரிவ்னியா வந்தபோது, அப்பணம் ஓர் இலட்சத்துக்கு ஒரே ஒரு ஹிரிவ்னியா! அண்டை நாடான பெலாரஸின் 1992ஆம் ஆண்டு ஒரு ரூபிள் தாளில் முயல் ஒன்று ஓடுகிறது. மக்கள் அப்பணத்தையே 'முயல்குட்டி' என்றழைத்தனர்.

வெட்டுப்படாத முழுத் தாளுக்கே வணிகர் மிகுந்த விலை சொல்வர். எனக்கு அதில் உடன்பாடில்லை. முழுத் தாள் எவருக்கும் பயன்படாத தாள். என்னிடமுள்ள உக்ரேன் தாளில் எட்டுக் கூப்பன்கள் இல்லை. எவரோ ஒருவர் வரிசையில் நின்று, அவற்றைத் தந்து, தம் வீட்டுக்கு ஏதோ வாங்கிச் சென்றிருக்கிறார்.

2017இல் மின்னணு அட்டை வந்தபின், நம் வீடுகளில் இருந்த பழைய குடும்ப அட்டைப் புத்தகங்கள் பழைய காகிதக்காரரிடம் போய்க்கொண்டிருக்கின்றன. அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் என்று மாதந்தோறும் கடைக்காரர் குறித்த கணக்கு அவற்றில் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒன்று எஞ்சியிருந்தால் கேட்டு வாங்குங்கள். பாட்டியிடம் விவரம் கேட்டுத் தனித்தாளில் எழுதி, இரண்டையும் ஓர் உறையில் இடுங்கள். பசை மட்டும் தடவாதீர்கள். அது காகிதத்தைக் கெடுத்துவிடும்.