விண்ணவர் வருகையும் வெள்ளித்திரையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்கவேண்டிய மேடையில் ரயில்வே குமாஸ்தா ஒருவர் விண்வெளிச் சினிமாவைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் வியக்கக்கூடும். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நாம் விஞ்ஞானம் கற்றவரல்லோம். ஆயினும், முன்பின் அறியாத ஒன்று எதிரே வந்து நிற்கும்போது மனிதன் என்ன செய்கிறான் என்னும் வினா, மொழி தெரியாத ஊரில் பெட்டி படுக்கையுடன் இறங்கிய நமக்கு அந்நியமானதன்று.

1951-ஆம் ஆண்டில் ராபர்ட் வைஸ் இயக்கிய அமெரிக்கப் படம் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்'. வாஷிங்டன் நகரில் ஒரு விண்கலம் வந்திறங்குகிறது. உள்ளிருந்து வெளிப்பட்ட கிளாட்டு என்பவர், சமாதானமாகவே வந்ததாகக் கூறி ஏதோ ஒரு பொருளை நீட்டுகிறார். அஞ்சிய சிப்பாய் ஒருவன் சுட்டுவிடுகிறான். உடைந்து வீழ்ந்த அப்பொருளோ ஜனாதிபதிக்குக் கொண்டுவந்த பரிசு! பிற கிரகங்களின் வாழ்வை ஆராய அது துணை செய்திருக்குமாம். பின்னர் வந்த எத்தனையோ படங்களுக்கு அந்த ஒரு காட்சியே வித்து என்பது நம் கருத்து.

நம் தமிழ்ப் படவுலகமும் பின்தங்கிவிடவில்லை. 1963-இல் வெளிவந்த 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வருவது பொன்னுக்கோ மண்ணுக்கோ அன்று. இசை கற்பிக்க ஒருவரைத் தேடி! பானுமதி அம்மையாரைத் தூக்கிச் சென்றது முறையன்று எனினும், தேடி வந்த பொருள் போற்றத்தக்கதே.

1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' வேறு வகையினது. அதில் வருவோர் வீரர்களல்லர். சரக்குக் கப்பலின் சிப்பந்திகள். போனஸ் பங்கு குறைவென்று முணுமுணுக்கிறார்கள். சரக்கு ஆபீசில் காலந்தள்ளும் நமக்கு அவர்கள்மீது உடனே பாசம் உண்டாகிவிட்டது! கொடிய பிராணி ஒன்று கப்பலுக்குள் புகுந்து ஒவ்வொருவராகக் கொல்கிறது. ஆனால் பிராணியைப் பத்திரமாகக் கொண்டுவருக, ஊழியர் உயிர் போனாலும் கேடில்லை என்று கம்பெனி இரகசியக் கட்டளை இட்டிருந்ததை அறியும்போதே நம் நெஞ்சு பதறுகிறது. விலங்கின் இயல்பு கொல்வது. கணக்கெழுதும் மனிதர்கள் அவ்வாறு செய்யலாமோ?

1968-இல் ஸ்டான்லி குப்ரிக் தந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் வேற்றுலகத்தார் இறுதிவரை கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை. ஒரு கருங்கற்பலகை நிற்கிறது, அவ்வளவே. இதென்ன படம் என்று முன்வரிசையார் கேட்கலாம். கொம்பும் பச்சைத்தோலும் வைத்து வேடமிட்டிருந்தால் நாம் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்போம்.

எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது 2016-இல் டெனி வில்னூவ் இயக்கிய 'அரைவல்'. பன்னிரண்டு கலங்கள் உலகின் பன்னிரண்டு இடங்களில் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றிற்கு மொழியியல் பேராசிரியையான ஓர் அம்மையாரை அனுப்புகிறார்கள். 'மனிதர்' என்று பலகையில் எழுதிக் காட்டித் தொடங்குகிறார். வந்தவர்களோ மை போன்ற ஒன்றை உமிழ்ந்து வட்ட வட்டமாய் எழுதுகிறார்கள். எதற்காக வந்தீர்கள் என்ற கேள்விக்கு, 'ஆயுதம் அளிக்க' என்று பொருள்படும் விடை வருகிறது. உலகம் கலங்குகிறது; நாடுகள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்திவிடுகின்றன. அது ஆயுதமாக இராது, கருவியாக இருக்கலாம் என்று அந்த அம்மையார் மன்றாடுகிறார்.

தமிழர்க்கு இது விளங்காததன்று. படை என்றால் போர்க்கருவி. படைச்சால் என்றாலோ உழவுச்சால். நம் மொழி அறியாத ஒருவர் அகராதியைப் புரட்டினால், ஏர் பிடித்துச் செல்லும் உழவனைப் போர்வீரன் என்றே எண்ணி ஓட்டமெடுப்பார். சண்டைக்கும் சாகுபடிக்கும் இடையே ஒரு சொல்லின் பொருளே நிற்கிறது. அதை அறியும்வரை பொறுத்திருப்பார் யார் என்பதே அப்படத்தின் கதை. நம் பக்கத்துக் குவார்ட்டர்சில் புதிதாக வந்திறங்கும் வெளிமாநிலக் குடும்பத்தாரின் மொழியில் தண்ணீருக்கு என்ன பெயர் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

இறுதியாக, 1977-இல் ஸ்பீல்பெர்க் எடுத்த 'குளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்'. இங்கே பேச்சே இல்லை. ஐந்து ஸ்வரங்கள் மட்டுமே. மனிதர் வாசிக்க, விண்கலம் திருப்பி வாசிக்கிறது. ரயில்வேக்காரருக்கு இது பழகிய முறை. பிளாக் மணியை ஒருமுறை அடித்தால் அடுத்த நிலையத்தாரும் ஒருமுறை அடித்துக் காட்டவேண்டும்; அதன்பின்னரே லைன் கிளியர் பேச்சு. முகம் பார்த்திராத இரு நிலையங்கள் அவ்வாறு ஒன்றையொன்று நம்பியே வண்டிகளை விட்டு வந்தன.

அப்படத்தில் இந்தியக் காட்சி ஒன்றும் உண்டு. கதையில் அது வட இந்தியா. படமெடுத்ததோ நம் கர்ஜத் கிளை வண்டி போய் நிற்கும் கோப்போலிக்கு அருகேயுள்ள ஹால் என்னும் சிற்றூரில். பெருந்திரளான மக்கள் அந்த ஸ்வரங்களை ஒருமித்துப் பாடுகின்றனர். இவ்வொலி எங்கிருந்து வந்தது என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் வினவுகின்றனர். எல்லா விரல்களும் ஒரே கணத்தில் வானத்தை நோக்கி உயர்கின்றன.

'ஏலியன்' படத்தைச் சிறுவர்களுக்குக் காட்ட வேண்டாம் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.