தாய்மார் பெற்ற தீர்ப்பு



எச்.ஐ.வி. கிருமி தொற்றிய தாய் மருந்துண்ணாவிடில், கருவிலோ, பேற்றின்போதோ, தாய்ப்பால் வழியாகவோ அது சேயை அடையக்கூடும். நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை அவ்வாறு தொற்றுக்கு ஆளாவர். உகாண்டாவில் நடந்த ஆய்வொன்று 1999இல் ஓர் எளிய வழியைக் காட்டிற்று. வலி கண்டதும் தாய்க்கு நெவிரபின் மாத்திரை ஒன்று. பிறந்த மூன்று நாட்களுக்குள் சேய்க்குச் சிறிதளவு திரவ மருந்து. இவ்வளவே! ஒப்புநோக்கக் கொடுத்த ஜிடோவுடின் மருந்தை உண்டோரைவிட இவர்தம் குழந்தைகளிடம் தொற்று ஏறத்தாழப் பாதியாயிற்று.

ஐந்தாண்டுகள் அம்மருந்தை விலையின்றித் தர உற்பத்தியாளர் முன்வந்தனர். எனினும் தென்னாப்பிரிக்க அரசு, மாகாணத்துக்கு இரண்டு இடங்களில் மட்டுமே அதனை வழங்கியது. நிறவெறியை எதிர்த்து நின்றவர்கள் அமைத்த அரசே இவ்வாறு செய்தது என்பதுதான் வேதனை. பணமுடையோர் தனியார் மருத்துவரிடம் பெற்றுக்கொண்டனர். ஏனைய ஊர்களின் ஏழைத் தாய்மார் என் செய்வர்?

1998இல் கேப் டவுனில் தோன்றிய ட்ரீட்மெண்ட் ஆக்‌ஷன் கேம்பெயின் என்னும் இயக்கத்தார் வழக்குத் தொடுத்தனர். மருத்துவ வசதி பெறுதல் அனைவரின் உரிமை என அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுவதைச் சுட்டி வாதிட்டனர். 2002 ஜூலை 5 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம், அக்கட்டுப்பாட்டைத் தாமதமின்றி நீக்குமாறு ஆணையிட்டது.

இன்று ஒற்றை மாத்திரை முறை பழையதாகிவிட்டது. தாய் வாழ்நாள் முழுதும் கூட்டு மருந்து உட்கொள்கிறார். தொற்றும் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்குகிறது.