வாயில்லா நோயாளி



காங்கயம் காளை ஒரு வேளை தீனி எடுக்காவிடினும் நம் கொங்கு நாட்டுத் தோட்டத்தார் பொறுத்திரார். காதைத் தொட்டுச் சூடு பார்ப்பர். மூக்கின் ஈரத்தை நோக்குவர். அதே சாளையின் வாயிலில் காவல் கிடக்கும் நாய் இரண்டு நாள் உண்ணாதிருந்தால், "புல்லைத் தின்று தானே தேறிவிடும்" என்று விட்டுவிடுதலே பெரும்பாலும் வழக்கம். தேறுவதும் உண்டு. தானே தேறாத நோய்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

கால் முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். சிறுநீரகம், கல்லீரல், இதயம், கணையம் இவற்றுள் ஒளிந்திருக்கும் நோய் அவ்வாறு தெரிவதில்லை. அதனைத் தேடிக் காண்பதே உள்நோய் மருத்துவம். வகுப்பில் வாய் திறவாத பிள்ளையின் துன்பத்தை அறிவது எவ்வளவு கடினம் என்பதை நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டிருக்கின்றேன். கால்நடை மருத்துவருக்கோ வரும் நோயாளிகள் அனைவரும் வாய் திறவாதவரே!

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வேலை செய்யும் பகுதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்த பின்னரே இரத்தத்தில் கழிவுப் பொருள் தெளிவாக உயரும். அதற்கு முன்பே நாய் மிகுதியாக நீர் அருந்தத் தொடங்கியிருக்கும். வீட்டாரோ வெயிலின் கொடுமை என்று எண்ணியிருப்பர். நோய் முற்றியபின் செய்யத்தக்கது சிறிதே. சென்னையில் 1903-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் இன்று நாய்க்கும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்கின்றனர். எனினும் காலத்தே கொணர்ந்தால்தான் அதனாலும் பயன் உண்டு.

நீர்வேட்கை நீரிழிவின் குறியாகவும் இருக்கலாம். 1889-இல் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோதுதான், கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு விளங்கிற்று. 1921-இல் டொராண்டோவில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினை முதலில் நாய்களிடமே சோதித்தனர். 1922 சனவரியில் அது ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. இன்று நீரிழிவு கண்ட நாய்க்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி போடுவதைக் கண்டு நகைப்போர் இந்த வரலாற்றை அறியாதவர்.

இன்னொன்று, எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் நாய்க்கு இது பற்றும். காய்ச்சல், வாந்தி, மஞ்சட் காமாலை தோன்றும்; சிறுநீரகமும் கெடும். நோயுற்ற நாயின் சிறுநீர், கால் வெடிப்பின் வழியே நம் உடலிலும் கிருமியைச் சேர்க்கவல்லது. எனவே நாயின் நோய் நாயோடு நிற்பதன்று. இதற்குத் தடுப்பூசி உண்டு, ஆண்டுதோறும் போடவேண்டும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றி ஒரு சொல். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். அம்மருந்தின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அன்பினால் கொடுத்தாலும் நஞ்சு நஞ்சுதான்.

மருத்துவர் உங்களை வினவுவார்: வாந்தி உண்டவுடனா, நெடுநேரம் கழித்தா? சிறுநீரின் நிறம் என்ன? எடை குறைந்ததா? நீர் எவ்வளவு குடிக்கிறது? "நிறைய" என்பது விடையன்று. காலையில் அளந்து ஊற்றுங்கள். மறுநாட் காலையில் எஞ்சியதை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் ஒரு நாளில் நாய் குடித்தால் அது மிகை. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். மூன்று நாட் கணக்கைத் தாளில் எழுதி, நாயோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். நாய் சோர்ந்து உணவை மறுத்தால் மட்டும் அந்த மூன்று நாளும் காத்திராமல் அன்றே செல்லுங்கள்.